டிபி 2 என்று எழுத ஓர் ஆசிரியர் ஏன் தயங்குகிறார்? தமிழ்ப்பள்ளி வாரியங்களும் மாணவர் நலனும்

மலேசியத் தமிழ்ப்பள்ளி வாரியக் கூட்டங்களில் என்னதான் பேசுவார்கள் என்று கேட்டால், போய் உட்கார்ந்தவர்கள் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கூரை ஒழுகுகிறது. கழிப்பறைக் கதவு கழன்று கிடக்கிறது. நிலம் இன்னும் யார் பெயரில் இருக்கிறது? அடுத்த நிதி திரட்டும் விருந்தை எந்த மண்டபத்தில் வைப்பது, யாரைத் தலைமை தாங்கக் கூப்பிடுவது? பிள்ளைகளைப் பற்றிய பேச்சு வந்தால் கடைசியில், தேநீரும் வடையும் வந்த பிறகு, 'பொது' என்ற தலைப்பில் வரும். இப்போது சில வாரியங்களில் இரண்டு கேள்விகள் கொஞ்சம் முன்னாலேயே எழுகின்றன. பிள்ளைகள் மனசளவில் எப்படி இருக்கிறார்கள்? பள்ளி அறிக்கையில் 'டிபி' என்று வரும் அடைவுநிலை எண்ணைப் பார்த்து, அவர்கள் படிப்பில் எங்கே நிற்கிறார்கள் என்று பெற்றோருக்கு ஒழுங்காகத் தெரிகிறதா? பெரும்பாலும் இவை இரண்டு தனி விஷயங்களாகவே பேசப்படுகின்றன. அப்படிப் பேசுவதில்தான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் தமிழ்ப்பள்ளிகளுக்கு மேலாளர் வாரியம் உண்டு. நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பினாங்கில் மட்டும் 28. இவற்றில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். அதாவது நிலம் அரசாங்கத்துடையது அல்ல. ஆசிரியர் சம்பளமும் பாடத்திட்டமும் அமைச்சிடமிருந்து வரும். கட்டடத்தைக் கட்டிக் காப்பாற்றுகிற பாரத்தில் பெரும்பங்கு வாரியத்தின் தலையில் விழும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா போலவும், பினாங்கு ஸ்காட்லாந்து சாலை இராமகிருஷ்ணா போலவும் ஆசிரமங்களின் நிழலில் வளர்ந்த பள்ளிகளும் உண்டு, தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த பள்ளிகளும் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் இன்னொரு தனி அமைப்பு. தலைமையாசிரியரோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் கல்வி இலாகாவுக்கும்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

ஆகவே வகுப்பில் எதைக் கற்பிப்பது, எப்படி மதிப்பிடுவது, அறிக்கையில் என்ன எழுதுவது என்பதில் வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. ஆனால் செல்வாக்கு இருக்கிறது. பணம் கொடுப்பவர்கள், பரிசு கொடுப்பவர்கள், மேடையில் முதல் வரிசையில் உட்காருபவர்கள் அவர்கள்தான். அந்தச் செல்வாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

ஆண்டு 6 பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வின் காலத்தில் அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். 1988-இல் தொடங்கிய அந்தத் தேர்வு, தமிழ்ப்பள்ளியின் மானம் மரியாதை எல்லாவற்றையும் அளக்கும் கோலாகிவிட்டது. பள்ளி வாசலில் 7ஏ, அதாவது ஏழிலும் ஏ, பெற்றவர்களின் படங்களோடு பதாகை, நாளிதழில் பக்கம் பக்கமாகப் புகைப்படங்கள், தேர்வுக்கு முன்னால் கோயிலில் சிறப்புப் பூஜை, கோயில் மண்டபத்திலேயே கூடுதல் வகுப்பு. 2014-இல் வினாத்தாள்கள் கசிந்ததால் பிள்ளைகள் சில தாள்களை மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. அதில் தமிழ்த்தாளும் ஒன்று. 2016-இல் தேர்வின் அமைப்பு மாறி, ஆங்கிலம் இரண்டு தாளாகப் பிரிந்து, 7ஏ என்பது 8ஏ ஆனது. அந்த ஆண்டு எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்களின் எண்ணிக்கை நாடு முழுவதும் சரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏழு ஏ, ஒரு பி எடுத்துவிட்டு அழுத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தேர்வை வில்லனாக்குவது சுலபம். ஆனால் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை தேறாது என்று சொன்னவர்களுக்குப் பதில் சொல்ல அது ஒரு வழியாகவும் இருந்தது. அதை விட்டுக்கொடுக்கப் பலருக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம்.

கோவிட் காலத்தில், 2020-இல், தேர்வு நடக்கவில்லை. 2021 ஏப்ரலில் அது ஒரேயடியாக ரத்தானது. அதற்கு முன்பே, 2019 முதல், ஆண்டு 1 முதல் ஆண்டு 3 வரை பள்ளித் தேர்வுகள் எடுக்கப்பட்டுவிட்டன. இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் ஆண்டான படிவம் 3-இன் பிடி3 தேர்வும் 2022-இல் போனது. அதன் பிறகு ஆண்டு 4-லிருந்து கல்வியாண்டு இறுதியில் உவாசா என்ற தேர்வு வந்தது. அதில் ஏ, பி என்று தரநிலை வரும். மற்றபடி பிள்ளையின் முன்னேற்றத்தைச் சொல்வது வகுப்பறை மதிப்பீடு, ஆசிரியர்கள் வாயில் 'பிபிடி'. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை தரப்படும். பெற்றோர் இதை 'டிபி' என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்த டிபியைப் பெரும்பாலான வீடுகளில் மார்க் என்றே படிக்கிறார்கள். ஆறு என்றால் முழு மார்க், நான்கு என்றால் சுமார், மூன்று என்றால் ஏச்சு. உண்மையில் அது அப்படி வடிவமைக்கப்படவில்லை. டிபி 1 என்றால் பிள்ளைக்கு விஷயம் தெரியும். 2 என்றால் தெரியும், புரியும். 3 என்றால் தெரிந்து, புரிந்து, செய்யவும் முடியும். அதற்கு மேல் செய்வதில் ஒழுங்கு, தன்னம்பிக்கை, பிறருக்கு முன்மாதிரியாக இருக்கும் தேர்ச்சி என்று போகும். ஆக மூன்று என்பது அந்த வயதில் எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்சத் திறனைப் பிள்ளை அடைந்துவிட்டது என்ற செய்தி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்றும் இரண்டும் வந்தால், இந்தப் பிள்ளைக்கு இப்போதே உதவி வேண்டும் என்று அர்த்தம். இது சராசரி போட்டு வரும் எண்ணும் அல்ல. எழுத்து வேலை, வாய்மொழி, செயல்திட்டம் என எல்லாவற்றையும் பார்த்து ஆசிரியர் எடுக்கும் தீர்மானம்.

அந்தக் கடைசி விஷயத்தை வாரியத்தில் இருப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். யூபிஎஸ்ஆர் தாளைத் திருத்தியவர் யாரோ, எங்கேயோ. வாரியத் தலைவர் தலைமையாசிரியரை எவ்வளவு நெருக்கினாலும் அந்தத் தாளில் ஒரு மார்க்கைக்கூட மாற்ற முடியாது. டிபியை எழுதுபவர் அதே பள்ளியில், அதே வகுப்பில் நிற்கும் ஆசிரியர். அவரிடம் 'நம் பள்ளியில் டிபி 5, 6 எத்தனை சதவீதம்?' என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த அறிக்கையில் சதவீதம் ஏறியிருக்கும். பிள்ளை அங்கேயேதான் நிற்கும்.

சில பள்ளிகளில் 7ஏ-க்குக் கொடுத்த பரிசுப் பணத்தை அப்படியே டிபி 6-க்கு மாற்றிவிட்டார்கள். நல்ல மனசோடு செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். ஓர் ஆசிரியர் ஆண்டு 2 பிள்ளைக்கு மலாய்மொழியில் டிபி 2 என்று நேர்மையாக எழுதினால் பெற்றோர் கோபித்துக்கொள்வார்கள், தலைமையாசிரியர் காரணம் கேட்பார், வாரியக் கூட்டத்தில் பள்ளியின் சதவீதம் குறைந்ததாகப் பேச்சு வரும். 3 என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிக்கான விலையை ஆண்டு 6 முடியும்போது பிள்ளை கொடுக்கும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது, நேராகப் படிவம் 1-க்குப் போவதா, புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்காருவதா என்பது மலாய்மொழி அடைவைப் பொறுத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய உண்மை, புகுமுக வகுப்பு என்ற வடிவத்தில் வந்து நிற்கும். அதைவிட மோசமான நிலையும் உண்டு. தாளில் 3 இருப்பதால் பிள்ளை படிவம் 1-க்கே போய், மலாயில் நடக்கும் வரலாறு, அறிவியல் பாடங்களில் ஒன்றும் விளங்காமல் பின்வரிசையில் உட்காரும்.

அறிக்கை முறைமேல் ஆசிரியர்களுக்கு ஏன் சலிப்பு என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2011-இல் பள்ளிசார் மதிப்பீடு ஆண்டு 1-இல் அறிமுகமானபோது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு திறனுக்கும் சான்றுக் கோப்பு வைக்கச் சொன்னார்கள். அதை இணையத்தில் பதிவு செய்யவும் சொன்னார்கள். கணினி அமைப்பு அடிக்கடி முடங்கியது. நடுராத்திரியில்தான் உள்ளே நுழைய முடிகிறது என்று அலாரம் வைத்து எழுந்து தட்டச்சு செய்த ஆசிரியர்களை அப்போது பணியில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எதிர்ப்பு வலுத்து 2014-இல் அமைச்சு அந்த நடைமுறையைத் தளர்த்தியது. முறை இலகுவானது உண்மை. ஆனால் மதிப்பீடு என்றாலே கட்டத்தை நிரப்பும் வேலை என்ற மனநிலை அப்படியே தங்கிவிட்டது. இன்றைய அறிக்கைகளில் வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் கலைத்திட்ட ஆவணத்திலிருந்து வருபவை. எண்ணைப் போட்டால் வாக்கியம் தானாக விழும். ஒரே வகுப்பில் டிபி 4 வாங்கிய இரண்டு பிள்ளைகளின் அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்து மாறாமல் ஒரே வரி இருக்கும். அதைப் படித்துத் தன் மகளைப் பற்றி ஒரு தாய் என்ன தெரிந்துகொள்வார்?

சரி, மாணவர் நலன் எங்கே வருகிறது? இங்கேதான்.

2022-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. அது இடைநிலைப்பள்ளி வயது. பத்து வயதில் பிள்ளைகள் எல்லாம் சுகமாக இருந்துவிட்டுப் பதின்மூன்றாம் பிறந்தநாளில் திடீரென்று சோர்ந்துபோவதில்லை. தொடக்கப்பள்ளியில் அது வேறு பேரில் வரும்: வயிற்றுவலி, திங்கட்கிழமை காய்ச்சல், வீட்டுப்பாடம் கொண்டுவராதது, அடிதடி, வகுப்பில் தூங்குவது. பல நேரம் முதல் அடையாளம் மதிப்பீட்டில்தான் தெரியும். போன பருவத்தில் 4 இருந்த பிள்ளை இப்போது 2 என்றால், அது கணிதம் புரியாததால் மட்டும் இருக்காது. அப்பா வேலையை இழந்திருக்கலாம். வீடு மாறியிருக்கலாம். கண் பார்வை மங்கியிருக்கலாம், கண்ணாடி வாங்கக் காசில்லாமல் இருக்கலாம். ஆக நேர்மையான அறிக்கை என்பதே ஒரு நலப் பரிசோதனை. சதவீதத்துக்காக அந்த 2-ஐ 3 என்று திருத்தும்போது நாம் மூடி மறைப்பது படிப்புக் குறையை மட்டுமல்ல.

கோலாலம்பூருக்கென்று சில தனிக் காரணங்கள் உண்டு. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பள்ளி இருக்கிறது. குடும்பங்கள் வாடகைக்குப் பயந்து பூச்சோங், ரவாங் என்று போய்விட்டன. பிள்ளை இருட்டிலேயே எழுந்து பள்ளி வேனில் ஏறும், மதியம் அதே வேனில் ஊரைச் சுற்றி வீட்டுக்குப் போகும், அப்புறம் டியூஷன். அடுக்குமாடியில் அம்மா அப்பா இரண்டு பேரும் வேலையிலிருந்து வரும்வரை பாட்டியோ அக்காவோதான் துணை. அந்தத் துணையும் இல்லாத வீடுகளில் கைப்பேசி. பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்யும் பெற்றோருக்கு வேறு மாதிரி. அம்மா இரவு வேலை என்றால் பிள்ளையும் அம்மாவும் விழித்த நிலையில் சந்திப்பதே ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான்.

பள்ளிக்குள் இதைப் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறாரா என்றால், பள்ளியின் அளவைப் பொறுத்தது. பெரிய பள்ளிகளில் முழுநேர வழிகாட்டி ஆலோசனை ஆசிரியர் இருப்பார். 150 மாணவருக்குக் குறைந்த பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது; தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகைதான். அங்கே மாணவர் நலத் துணைத் தலைமையாசிரியரே பாடமும் நடத்துவார், போட்டிக்கும் அழைத்துப் போவார், இடையில் அழும் பிள்ளையையும் பார்ப்பார். 1979-இலிருந்து நடக்கும் துணை உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டைத் தருகிறது, அது பெரிய உதவி. ஆனால் பட்டியலில் பெயர் வரச் சற்றே தவறிய பிள்ளை பசியோடு இருப்பதை அந்தப் பட்டியல் காட்டாது. கேன்டீன் அக்காவுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவரை எந்த வாரியமும் கேன்டீன் அக்காவைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை.

வாரியம் இதில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது? நலன் பற்றிப் பேசத் தொடங்கும் வாரியங்கள் செய்யும் முதல் காரியம், 'பிரச்சினையுள்ள பிள்ளைகளின்' பட்டியலைக் கேட்பது. தயவுசெய்து கேட்காதீர்கள். நம்முடைய வாரியங்களில் உட்காருபவர்கள் யார்? அதே வட்டாரத்துக் கோயில் நிர்வாகி, அதே தாமானில் (குடியிருப்பில்) கடை வைத்திருப்பவர், பிள்ளையின் பெரியப்பாவோடு பள்ளியில் படித்தவர். ஒரு குடும்பத்தின் சண்டை திங்கட்கிழமை கூட்டத்தில் பேசப்பட்டால் வெள்ளிக்கிழமை கோயிலில் பேசப்படும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே சட்டம் இருக்கிறதே என்று நம்பி உட்காராமல் நாமே கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். பெயர்கள் ஆசிரியரிடமும் ஆலோசனை ஆசிரியரிடமும் இருக்கட்டும். சிறு பள்ளி என்றால் இன்னும் கவனம் தேவை. வகுப்பில் எட்டுப் பேர்தான், அதில் ஒரே ஒரு டிபி 1 என்றால் பெயர் சொல்லாவிட்டாலும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

வாரியத்துக்குத் தேவை போக்கு. ஆண்டு 4-இல் திங்கட்கிழமை வராதவர்கள் ஏன் அதிகம்? மலாய்மொழியில் 1, 2-இல் நிற்பவர்கள் ஆண்டு 1-இலிருந்தே நிற்கிறார்களா, நடுவில் விழுந்தார்களா? அறிக்கை நாளுக்கு எத்தனை பெற்றோர் வந்தார்கள், வராதவர்களைப் பிறகு யாராவது சந்தித்தார்களா? இவற்றைப் பெயரில்லாமல் கேட்கலாம், தலைமையாசிரியர் தயங்காமல் பதில் சொல்லவும் முடியும். ஆனால் ஒரு நிபந்தனை. எண்ணைக் கேட்பவர், அந்த எண் மோசமாக இருந்தால் யாரையும் கடியமாட்டேன் என்பதை முதலில் நடத்தையில் காட்ட வேண்டும். டிபி 6-க்குப் பரிசு என்பதை நிறுத்துவது அதற்கு நல்ல தொடக்கம். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நூலகத்துக்கு, விளையாட்டுக்கு, வருகைக்குக் கொடுங்கள். வருகைக்குக் கொடுப்பதில்கூட எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. காய்ச்சலோடு பிள்ளையை அனுப்பிவைப்பார்கள்.

பணத்தால் வாங்கக்கூடியது ஒன்று உண்டு: ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசும் நேரம். அறிக்கை நாளில் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஷிப்ட் வேலை செய்பவர், பாதுகாவலர், லாரி ஓட்டுநர் இவர்களில் பலருக்கு அந்த ஒரு சனிக்கிழமை காலையும் கிடைப்பதில்லை. இன்னொரு மாலையில் பள்ளியைத் திறந்து வைப்பது, வரும் ஆசிரியர்களுக்குப் போக்குவரத்துச் செலவு கொடுப்பது, சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை வைப்பது, இதெல்லாம் ஒரு விருந்து நிகழ்ச்சியின் மேடை அலங்காரச் செலவுக்குள் அடங்கும். அந்தச் சந்திப்பில் தானாக விழுந்த வாக்கியத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஆசிரியர் தன் வாயால் மூன்று விஷயம் சொன்னால் போதும்: உங்கள் பிள்ளைக்கு இது நன்றாக வருகிறது, இது வரவில்லை, வீட்டில் இதை மட்டும் செய்யுங்கள். பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் வர வேண்டும், வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று. இந்த இரண்டாவது பாதி நம் பள்ளிகளில் கேட்கப்படுவதே இல்லை. 'நல்லா படிக்கச் சொல்லுங்க சார், ரெண்டு அடி போடுங்க சார்' என்று பெற்றோர் சொல்ல, ஆசிரியர் சிரிக்க, அடுத்தவர் வருவார்.

ஆலோசகரைப் பொறுத்தவரை, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிறு பள்ளிகளின் வாரியங்கள் சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம். அவர் பதிவு பெற்ற ஆலோசகராக இருக்க வேண்டும். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவில்லாதவர் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியாது. ஊக்கமூட்டும் பேச்சாளரைக் கூட்டிவந்து, விளக்கை அணைத்து, அம்மாவை நினைத்து அழுங்கள் என்று பிள்ளைகளை அழ வைக்கும் முகாமை இதோடு சேர்க்காதீர்கள். யூபிஎஸ்ஆர் காலத்தின் அந்தப் பழக்கம் இன்னும் சில இடங்களில் 'மாணவர் நலத் திட்டம்' என்ற பேரில் நடக்கிறது. வெளியாள் பள்ளிக்குள் வந்து பிள்ளைகளோடு தனியாகப் பேசுவதற்குத் தலைமையாசிரியரின் சம்மதமும் கல்வி இலாகாவின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் தேவை. அந்தக் கடிதங்களை அனுப்பிப் பதில் வாங்கவே நாளாகும் என்பதால், ஆண்டு தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது.

மீதி இருப்பது ஆண்டு 6. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு எல்லாருக்கும் தெரிந்த பிள்ளையாக இருந்துவிட்டு, ஆயிரம் பேர் படிக்கும் இடைநிலைப்பள்ளியில் போய் விழும்போது அறிக்கையில் இருக்கும் எண்கள் மட்டும்தான் கூடப் போகின்றன. எந்தப் பிள்ளைக்கு மலாயில் பேசக் கூச்சம், எந்தப் பிள்ளை அப்பாவை இழந்தது என்பதை அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். பெற்றோர் சம்மதத்தோடு ஆண்டு 6 ஆசிரியரும், பிள்ளைகள் அதிகம் போகும் இடைநிலைப்பள்ளியின் ஆலோசனை ஆசிரியரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினால் அந்தச் செய்தி போய்ச் சேரும். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியிலிருந்து பிள்ளைகள் பல இடைநிலைப்பள்ளிகளுக்குச் சிதறிப் போகிறார்கள், எல்லாரையும் வரவழைப்பது முடியாது. அதிகம் பேர் போகும் இரண்டு மூன்று பள்ளிகளோடு தொடங்கலாம். மண்டபம் வாரியத்திடமே இருக்கிறது.